வெளி மூக்கு

கிடங்கில் பீப்பாய் உருட்டுகிறவன் ஓடமாட்டான். ஓடினால் என்றைக்காவது கால்விரல் போகும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மச்சினன் முற்றத்தைத் தாண்டி வடிகூடத்துக்குள் மூச்சிரைக்க வந்து நின்றபோது, என்னவென்று கேட்பதற்கு முன்பே நிமிஷம் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

நிமிஷம் என்பது அவருடைய பெயரல்ல. விஸ்கி ஆலையின் இரண்டு பெரிய செப்பு வடிகலன்களையும் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிற தலைமை வடிப்பாளர் அவர். "எப்ப சாப்பிட வர்றீங்க?" என்று கேட்டால் "பதினேழு நிமிஷத்துல" என்பார். பதினேழாவது நிமிஷம் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

"மாமா, மாஸ்டர் கடைசி வரிசைக்குப் போயிட்டாரு."

"எந்தக் கடைசி வரிசை?"

"எத்தனை கடைசி இருக்கு? சுவரோரமா அடியில தள்ளி வைடான்னு அன்னைக்குச் சொன்னீங்களே, அந்தக் கடைசி. ஏன்னு நான் கேட்கவே இல்ல. கேட்டிருக்கணும்."

"அவருக்கு அங்க என்ன வேலை?"

"ஒன்பது வயசு சுத்த சரக்கு வேணுமாம். முன் வரிசையெல்லாம் காலி. முதலாளியம்மாவும் வந்திருக்காங்க." மச்சினன் குரலைத் தாழ்த்தினான். "அக்காவும் கூடத்தான் நிக்குது."

நிமிஷம் நீராவி வால்வைப் பாதியாகக் குறைத்தார். உதவி வடிப்பாளரிடம் "பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். எத்தனை நிமிஷம் என்று சொல்லாமல் அவர் வெளியே போனது அதுதான் முதல் தடவை.

ஆலையில் வருஷத்துக்குப் பதினோரு மாதம் சுத்த சரக்குதான் காய்ச்சுவார்கள். சூடான காற்றில் உலர்த்திய பார்லியிலிருந்து வருவது அது. ஒரு மாதம் மட்டும் புகைச் சரக்கு. அதற்கான பார்லியை பீட் என்கிற சதுப்பு மண்கட்டியை எரித்து அந்தப் புகையிலேயே உலர்த்தியிருப்பார்கள். மூட்டையைப் பிரித்தாலே கூடம் முழுக்க நெருப்பணைத்த இடம் மாதிரி இருக்கும். அந்தச் சரக்குக்கென்றே உயிரை விடுகிற ரசிகர்கள் உண்டு. மற்றவர்கள் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, கிளாஸை யாரும் கவனிக்காத இடமாகத் தேடி வைப்பார்கள்.

இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் முதலாளியம்மா, இந்த ஆலைச் சரக்கில் மட்டுமே செய்த ஒரு சிங்கிள் மால்ட் கேட்டிருந்தார். "பயமுறுத்தாத புகை வேணும். புகைன்னா என்னன்னே தெரியாத ஒருத்தர் குடிச்சுட்டு, இன்னொரு தடவை வரட்டுமான்னு கேட்கணும்." சரக்கின் சுவைக்குப் பொறுப்பான மாஸ்டர் மூன்று முறை புகைச் சரக்கையும் சுத்த சரக்கையும் கலந்து பார்த்துவிட்டார். ருசி பார்க்க, இதுவரை புகைச் சரக்கைத் தொட்டே இராத ஆறு பேரை ஆபீஸிலிருந்தும் லாரிக் கொட்டகையிலிருந்தும் உட்கார வைத்தார்கள். டைப்பிஸ்ட், புண்ணுக்குக் கட்டின துணியைப் பிரித்த மாதிரி இருக்கிறது என்றாள். எலெக்ட்ரீஷியன் எங்கேயோ வயர் கருகுகிறது என்று நிஜமாகவே எழுந்துபோய்ப் பார்த்தான். லாரி டிரைவர்தான் கொஞ்சம் மரியாதை காட்டினார். "குடிக்கலாம்ங்க. ஆனா எதுக்கு?"

மாஸ்டர் அதற்கு மேல் வாதாடவில்லை. "கலந்தா கலக்க மாட்டேங்குது. புகை தனியா நிக்குது, சரக்கு தனியா நிக்குது. சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டியை ஒரே பெஞ்சுல உட்கார வச்ச மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நிமிஷம் மட்டும் சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. அது ஒன்பது வருஷத்துக்கு முந்தையது.

வடிகலனிலிருந்து முதலில் வருவதைத் தலை என்பார்கள், கடைசியில் வருவதை வால். இரண்டையும் பீப்பாயில் ஊற்றக்கூடாது. நடுவில் வருவதுதான் விஸ்கியாகும். தலையையும் வாலையும் ஒரு தொட்டியில் சேர்த்து அடுத்த தடவைக் காய்ச்சலோடு மறுபடி கலப்பார்கள். புகை மாதம் முடிந்ததும் அந்தத் தொட்டியைக் கடைசிச் சொட்டுவரை காலி செய்ய வேண்டும். ஏனென்றால் புகையெல்லாம் வாலில்தான் குடியிருக்கும். மிச்சம் இருந்தால் அடுத்து வருகிற சுத்த சரக்கில் ஏறிவிடும்.

காலியானதா என்று சொல்ல வடிகூடத்தில் இருப்பவர்களால் முடியாது. ஒரு மாதம் புகையிலேயே நின்றவனுக்கு மூக்கு புகையை மறந்துவிடும். எதை மோந்தாலும் சுத்தமாகத்தான் இருக்கும். மூக்கு பழையபடி ஆக மூன்று வாரம் பிடிக்கும். அதனால் ஆலையில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த மாதம் முழுக்க வடிகூடத்தில் கால் வைக்காத ஒருவரை மாஸ்டர் முன்கூட்டியே குறித்துவைப்பார். கடைசி நாளன்று அவர் வந்து தொட்டியை மோந்து பார்த்து, பதிவேட்டில் 'சுத்தம்' என்று டிக் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அவருக்கு வெளி மூக்கு என்று பெயர்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வெளி மூக்காக இருந்தது நிமிஷத்தின் மனைவி. பாட்டில் கூடத்தில் லேபிள் ஒட்டுகிறவள். நாலு கை தள்ளி ஓடுகிற பாட்டிலில் கார்க் பூசணம் பிடித்திருந்தால் தலை நிமிராமலே "அதை எடுத்துடுங்க" என்று சொல்லக்கூடியவள். அந்த வாரம் பார்த்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கல்யாணத்துக்கு அவள் கிளம்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து, நாற்பத்தோரு நிமிஷம் என்று உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆறு நாளாகச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

பாட்டில் கூடம் முற்றத்துக்கு அந்தப் பக்கம். போய் "வந்து மோந்து பாரு" என்றால் வந்திருப்பாள். ஆள் விட்டுக் கூப்பிட்டாலும் போதும். ஆனால் முதலில் பேசினவர் தோற்றவர் என்ற கணக்கில் அவர் இருந்தார். தொட்டிக்குள் தலையை விட்டுத் தானே மோந்தார். ஒன்றும் இல்லை. பதிவேட்டில் டிக் போட்டு, அவளுடைய முதலெழுத்தையும் தானே போட்டார்.

இருபத்திரண்டு நாள் கழித்து மூக்கு திரும்பியது. கிடங்கில் ஒரு பீப்பாயின் அடைப்பைத் திறந்து பார்த்தவர் அப்படியே அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். தொட்டியின் அடியில், குழாய்வாய் எட்டாத ஆழத்தில் நாலு விரற்கடை உயரத்துக்கு வால் தங்கியிருந்திருக்கிறது. அது அடுத்த பதினோரு நாள் காய்ச்சலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோயிருந்தது. நாளுக்கு ஒரு பீப்பாய். பதினோரு பீப்பாயும் சுத்த சரக்கு என்று முத்திரை குத்தப்பட்டுவிட்டன. மச்சினனைக் கூப்பிட்டு, சுவரோரம் அடிவரிசைக்குத் தள்ளச் சொன்னார். பிறகு வாயைத் திறக்கவில்லை.

இத்தனை வருஷம் அது அவருடைய தப்பு மட்டும்தான். இந்த வாரம் அப்படியில்லை. மூன்று மாதமாக அவர் மனைவி மாஸ்டரின் சுவை அறையில் வெள்ளோட்டமாக வேலை பார்க்கிறாள். லேபிள் மேசையிலிருந்து அந்த மாடிப்படி ஏறின முதல் ஆள் அவள். இதற்காகத் தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள், பவுடரை நிறுத்தினாள். புகை மாதம் என்பதால் புருஷனின் சட்டையை வீட்டுக்குள் வரவிடாமல் கொடியோடு வெளியே நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை மாஸ்டர் முடிவு சொல்லவேண்டும். இன்று புதன். கெட்டுப்போன பீப்பாய் கண்டுபிடிக்கப்பட்டால், பதிவேட்டில் இருப்பது அவள் மூக்கு.

கிடங்குக்குள் நுழைந்ததும் குளிர்ச்சியும் இருட்டும் சேர்ந்து வந்தன. கோடியில் ஒரு பல்ப் எரிந்தது. அதன் கீழே மூன்று பேர். மாஸ்டர், முதலாளியம்மா, அவள். மாஸ்டர் மர சுத்தியலால் ஏற்கனவே அடைப்பைத் தட்டி எடுத்துவிட்டார். நீளமான செப்புக் குழாயை உள்ளே விட்டு, விரலால் வாயை மூடி வெளியே இழுத்து, கிளாஸில் விட்டார். சொட்டுத் தண்ணீர் சேர்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

அப்படியே நின்றார்.

நிமிஷம் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார். மாஸ்டர் கடுமையான ஆள். நல்ல சரக்குக்கு "ம்" என்பார், கெட்ட சரக்குக்கு அதுவும் இல்லை. இப்போது கிளாஸை இறக்கவும் இல்லை, பேசவும் இல்லை. ஒரு வாய் வைத்தார். விழுங்கினார். வாயை மூடிக்கொண்டு மூச்சை மூக்கு வழியாக விட்டார். விட்டதும் அவர் புருவம் இரண்டும் மெல்ல மேலே போயின. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி தலையைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"அம்மா," என்று முதலாளியம்மாவிடம் கிளாஸை நீட்டினார். "நான் எதுவும் சொல்லல. நீங்களே பாருங்க."

முதலாளியம்மா குடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். "இது நம்ம சரக்கா?"

"நம்ம பீப்பாய்ல இருக்கு. வேற யாரும் கொண்டுவந்து வைக்கல."

கிளாஸ் மூன்றாவதாக அவள் கைக்குப் போனது. அவள் குடிக்கவில்லை. மோந்தாள். நிமிஷம் அவள் முகத்தை இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறார். கோபத்தில், காய்ச்சலில், பிரசவத்தில், தூக்கத்தில் பார்த்திருக்கிறார். இந்த முகத்தைப் பார்த்ததில்லை. ஏதோ பெரிய இடத்துக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவள் மாதிரி ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"யாரு பெத்த புள்ளை சார் இது?" என்றாள் மெதுவாக.

"அதைத்தான் நானும் தேடப்போறேன். முதல்ல அந்த டிரைவரைக் கூப்பிடுங்க."

அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த லாரி டிரைவர் கையைத் துடைத்தபடி வந்தார். "மறுபடியுமா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கினார். மருந்து குடிக்கிற வேகத்தில் வாயில் ஊற்றினார். பிறகு வேகம் குறைந்தது. நாக்கை உள்ளே சுழற்றினார். கிளாஸைத் தூக்கிப் பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அதில் எதுவுமில்லை என்று தெரிந்ததும், "இது தீர்ந்துபோச்சே" என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட குரலில்.

"புகை இருக்கா?"

"இருக்குங்க. ஆனா அது பாட்டுக்கு இருக்கு. என்னை ஒன்னும் பண்ணல."

முதலாளியம்மா பீப்பாயின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

பக்கத்துப் பீப்பாயையும் திறந்தார்கள். அதிலும் அதே சாயல், கொஞ்சம் மெலிசாக. அதற்கடுத்தது இன்னும் மெலிசு. பதினொன்றையும் திறந்து, பதினோரு கிளாஸில் எடுத்துச் சுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். மச்சினனும் தட்டு தூக்குகிற சாக்கில் கூடவே ஏறினான். நிமிஷத்தை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அவர் கதவோரம் நின்றார்.

மாஸ்டர் ஒவ்வொரு கிளாஸின் அடியிலும் பீப்பாய் எண்ணைச் சாக்கட்டியால் எழுதி, மேசைமேல் கன்னாபின்னாவென்று மாற்றி வைத்தார். "மோந்து வரிசைப்படுத்தும்மா. புகை அதிகம் இந்தக் கோடி, குறைவு அந்தக் கோடி. அடியைப் பார்க்கக் கூடாது."

அவள் ஜன்னலைத் திறந்து வெளிக்காற்றை ஒரு தடவை இழுத்துக்கொண்டாள். பிறகு மேசைக்கு வந்தாள். ஒவ்வொரு கிளாஸையும் எடுத்து, மூக்குக்கு நேராக அல்ல, கன்னத்தோரமாகக் கொண்டுபோய், அது தானாக வரட்டும் என்று காத்திருந்தாள். ஒன்றை இடப்பக்கம் வைத்தாள். இன்னொன்றை அதற்கும் இடப்பக்கம். நடுவில் இரண்டை எடுத்து, மாற்றி வைத்து, யோசித்து, திரும்ப மாற்றினாள். அறையில் கிளாஸ் மேசையில் படுகிற சத்தம் மட்டும்தான். நிமிஷம் தன் மூக்கால் இழுத்துப் பார்த்தார். புகை மாதத்தின் இருபத்தோராவது நாள். பதினோரு கிளாஸ் அல்ல, பதினோரு வாளி இருந்தாலும் அவருக்குத் தெரியாது. அவர் காய்ச்சினது, அவருக்கு இல்லை.

"ஆச்சு சார்."

மாஸ்டர் இடப்பக்கக் கோடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஏழுக்கு வந்தபோது ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

மச்சினன் தட்டைக் கீழே வைத்துவிட்டான். "எக்கா," என்றான், "எங்கம்மா உனக்கு மட்டும் தனியா என்னமோ குடுத்து வளர்த்திருக்கு." யாரும் சிரிக்கவில்லை. முதலாளியம்மா ஒரு நாற்காலியை இழுத்து, அந்தப் பதினோரு கிளாஸுக்கும் எதிரே உட்கார்ந்து, அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏணி மாதிரி இறங்குது" என்றார் மாஸ்டர். "முதல் நாள் பலமா, பதினோராம் நாள் நூலா. இது கலந்தது இல்ல. காய்ச்சும்போதே உள்ள போனது. அதான் ஒட்டிக்கிட்டு நிக்குது." சொல்லச் சொல்லவே அவருக்குப் பிடிபட்டது. அலமாரியிலிருந்து அந்த வருஷத்துப் பதிவேட்டை எடுத்துவந்து பக்கம் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது.

"தொட்டி சுத்தம்னு இருக்கு." கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நீதான் வெளி மூக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். நிமிஷத்துக்குக் கதவோரத்திலிருந்தே தெரிந்தது, அவள் எழுத்தைப் பார்த்த கணம். தன் முதலெழுத்தை அவள் சுழித்துப் போடுவாள். இது நேர்க்கோடாக, அளவெடுத்த மாதிரி இருந்தது. வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றின தேதியை நாட்காட்டியில் குறிக்கிற அதே கை. அவள் கதவுப் பக்கம் திரும்பவில்லை.

"பதினோரு கிளாஸையும் ஒரு தப்பில்லாம அடுக்கின மூக்கு இது. முதல் கிளாஸ்ல இருக்கிற புகையைத் தொட்டியில கண்டுபிடிக்காம விட்டுச்சுன்னா என்னால நம்ப முடியல" என்றார் மாஸ்டர். "அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?"

அவள் மேசை விளிம்பைத் துணியால் துடைத்தாள். அங்கே துடைக்க எதுவும் இல்லை. "ஒன்பது வருஷம் ஆச்சு சார். அன்னைக்கு எனக்கு ஜலதோஷமா இருந்திருக்கும்."

"ஜலதோஷம்னா வர முடியாதுன்னு சொல்லியிருப்பே."

"சொல்லல சார். தப்புதான். என் மூக்கு தவறிடுச்சுன்னே எழுதிக்கோங்க."

மாஸ்டர் பதிவேட்டை மூடினார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசமாக இருந்தது. "மூக்கு தவறலாம். என்னுதும் தவறியிருக்கு. ஆனா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி டிக் போடுற ஆளை இந்த அறையில என்னால வச்சுக்க முடியாதும்மா. நான் 'ம்' சொன்னா இந்த ஆலை நம்புது. எனக்கு அப்புறம் சொல்றவங்களையும் நம்பணும்."

"சரிங்க சார்" என்றாள். துணியை நாலாக மடித்து மேசையில் வைத்தாள். சுவை அறைக்கென்று கொடுத்த வெள்ளை மேலங்கியின் முதல் பொத்தானில் கையை வைத்தாள்.

நிமிஷத்துக்கு அப்போது வந்தது தைரியம் அல்ல. அந்தப் பொத்தானைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"அவ தொட்டிகிட்டயே வரல," என்றார். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவர் நினைக்கவில்லை. "நான் கூப்பிடல. டிக் போட்டது நான். அவ எழுத்தைப் போட்டதும் நான்தான். இன்னைக்குத்தான் அவளுக்கே தெரியும்."

மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். "ஏன்யா கூப்பிடல? முற்றத்தைத் தாண்டினா பாட்டில் கூடம்."

"பேச்சுவார்த்தை இல்லாம இருந்தோம்."

"என்னது?"

"சண்டைங்க. ஆறு நாள். நான் போய்க் கூப்பிட்டா இறங்கி வந்த மாதிரி ஆகிடும்னு..."

மாஸ்டர் முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா பதினோரு கிளாஸையும் பார்த்தார். "அப்ப நான் மூணு தடவை கலந்து பார்த்து வராதது," என்றார் மாஸ்டர், ஒவ்வொரு சொல்லாக, "உங்க வீட்டுச் சண்டையில வந்திருக்கு."

மச்சினனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"நீ ஏம்மா மறைச்சே?" மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மேல வந்த பிறகு இவரு காய்ச்சினது கெட்டுப்போயிருந்தா, அப்பவும் ஜலதோஷம்பியா?"

அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். "சார், இது பழைய எழுத்து. என் மூக்கு பார்க்காத ஒன்னு. அதுக்காக ஒரு மனுஷனை நாலு பேர் முன்னால நிறுத்த மனசு வரல. தப்புதான். ஆனா மோந்து பார்த்ததைப் பத்தி ஒருநாளும் மாத்திச் சொன்னதில்ல. அவரு காய்ச்சினது சரியில்லைன்னா முதல்ல நான்தான் சொல்லுவேன். அவரு செய்யுறதெல்லாம் சரியில்லைன்னு சொல்லிச் சொல்லி எனக்குப் பழக்கம்தான்."

இந்தத் தடவை முதலாளியம்மாவே சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி ஆனது. "நிமிஷம், இனிமே பதிவேட்டுல நீங்க கை வைக்கக்கூடாது. வடிகூடத்துச் சாவியை உதவியாளர்கிட்ட குடுத்துடுங்க. நீங்க அவருக்குக் கீழ வேலை பாருங்க. எத்தனை நாளுன்னு நான் சொல்றேன்."

"சரிங்கம்மா."

"தொட்டியில எவ்வளவு தங்கியிருந்துச்சு?"

"நாலு விரக்கடை."

"ஞாபகம் இருக்கா, சும்மா சொல்றீங்களா?"

"ஒன்பது வருஷமா அதைத் தவிர வேற எதுவும் ஞாபகம் இல்லைங்கம்மா."

"இந்த வருஷம் புகை மாசம் முடியறப்ப அதே நாலு விரல் விடணும். கண்ணால அளக்க வேண்டாம்." முதலாளியம்மா அவளைக் காட்டினார். "இவங்க மோந்து போதும்னு சொல்ற வரைக்கும். மாஸ்டர், வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமா?"

மாஸ்டர் பதிவேட்டைத் திறந்து, தன் பேனாவை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். "அந்த வரியை அடிச்சுட்டு, நடந்ததை எழுதும்மா. இந்த ரூம்ல உன் முதல் எழுத்து அதுதான்."

சாவியைக் கொடுத்துவிட்டு நிமிஷம் முற்றத்தில் காலி பீப்பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. அவள் வெள்ளை அங்கியோடு, கையில் ஒரு கிளாஸோடு வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை.

"ஒன்பது வருஷம்" என்றாள்.

"சொல்லணும்னு..."

"சொல்லணும்னு நினைச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க. அதைக் கேட்டா எனக்கு இன்னும் கோபம் வரும்." கிளாஸை நீட்டினாள். "ஆறாம் நம்பர். இதைத்தான் வெளியில விடப்போறோம், அஞ்சும் ஏழும் சேர்த்து. பிடிங்க."

"எனக்கு ஒன்னும் தெரியாதும்மா. இருபத்தோரு நாளா..."

"தெரியும். பிடிங்க. நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. ஒரு தடவைதான் சொல்லுவேன்."

அவர் பிடித்துக்கொண்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதல்ல பேரிக்காய். தோல் சீவாத பேரிக்காய், கொஞ்சம் காய்வெட்டா. அப்புறம் தேன். இனிப்பு இல்ல, தேனடை மெழுகு இருக்கே, அது. அதுவரைக்கும் புகையே இல்ல. வாயில வச்சா இல்ல. முழுங்கறப்பவும் இல்ல. முழுங்கிட்டு, சரி இவ்வளவுதான்னு மூச்சை விடுறோம் பாருங்க, அப்பதான் வருது. எங்கேயோ மூணு தெரு தள்ளி யாரோ ஈர விறகைப் பத்தவச்ச மாதிரி. நம்ம வாசலுக்கு வரல. கதவைத் தட்டல. நாமளே எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, இன்னும் கொஞ்சம் வராதான்னு நிக்கிறோம்." நிறுத்தினாள். மறுபடி பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க செஞ்சதுலயே இதுதான் பெருசு. அதை நீங்க செய்யவே இல்லை."

மாடி ஜன்னலிலிருந்து மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். அவள் போய்விட்டாள். படி ஏறுகிற சத்தம் கேட்டது, அவசரமில்லாத சத்தம்.

நிமிஷம் ஒரு வாய் வைத்தார். நாக்கில் சூடு மட்டும் பட்டது. விழுங்கினார். அவள் சொன்ன மாதிரியே வாயை மூடிக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. முற்றத்தில் வெயில் இருந்தது, வடிகூடத்தில் நீராவி சீறிக்கொண்டிருந்தது. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார்.